தீண்டத்தகாதவர்கள் ‘தோழா’ ஆன கதை

2011-ல் பிரான்சில் ஒரு படம் வந்தது. பெயர் ‘அன்டூஷாப்ல்’. தமிழில் நேராகச் சொன்னால் ‘தீண்டத்தகாதவர்கள்’. பாராகிளைடிங்கில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன ஒரு பணக்கார வெள்ளைக்காரர். அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்கி, ராத்திரி மூச்சு முட்டும்போது பக்கத்தில் இருக்கக் கூலிக்கு வருகிற, ஜெயிலுக்குப் போய்வந்த ஒரு கறுப்பு இளைஞன். இவ்வளவுதான் கதை. 2016-ல் இதையே தமிழிலும் தெலுங்கிலும் எடுத்தார்கள். வம்சி பைடிப்பள்ளி இயக்கம். நாகார்ஜுனா நாற்காலியில், கார்த்தி பக்கத்தில். தெலுங்கில் ‘ஊபிரி’, அதாவது மூச்சு. தமிழில் ‘தோழா’.

‘தீண்டத்தகாதவர்கள்’ என்ற சொல்லுக்கு அகராதி பார்க்காமலே அர்த்தம் தெரிந்த மண் இது. இந்த மண்ணுக்கு அந்தப் படம் வந்து சேர்ந்தபோது, தலைப்பை மட்டும் வாசலிலேயே செருப்பைப்போலக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரை வாசலில் கிடக்கிற அந்தச் செருப்பைப் பற்றியது.

பிரெஞ்சுத் தலைப்பு பன்மையில் இருக்கிறது. ஒருவர் தொட்டால் உணராத உடம்புக்காரர். மற்றவன் தொடக்கூடாத இடத்திலிருந்து வந்தவன். இரண்டு பேரையும் ஒரே சொல்லுக்குள் உட்கார வைத்ததில் ஒரு ஏமாற்று இருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கோடீஸ்வரரின் தீண்டாமை 1993-ல் ஒரு விபத்தில் வந்தது. கூலிக்காரனின் தீண்டாமை பிறக்கும்போதே வந்தது. உண்மைக் கதையில் அந்தப் பணக்காரர் பிலிப் போஸோ தி போர்கோ, ஷாம்பெய்ன் கம்பெனி நடத்தியவர். அவரைப் பார்த்துக்கொண்டவர் அல்ஜீரியாவில் பிறந்த அரபு, பெயர் அப்தெல் செல்லு. படத்தில் அரபு மறைந்து செனகல் கறுப்பனாகிவிட்டார். அதில் நடித்த ஒமர் சி 2012-ல் சிறந்த நடிகருக்கான செசார் விருது வாங்கினார். அந்த விருதை வாங்கிய முதல் கறுப்பர் அவர்தான். அமெரிக்காவில் சில விமர்சகர்கள் இந்தப் படமே இனவாதம், வெள்ளைக்கார எஜமானைச் சிரிக்கவைக்கிற பழைய கறுப்பு வேலைக்காரன் திரும்பவும் வந்திருக்கிறான் என்று கிழித்தார்கள். சரியோ தப்போ, அங்கே ஒரு சண்டையாவது நடந்தது. இங்கே ‘தோழா’வைப் பார்த்துவிட்டு எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தோம்.

இன்னொரு விஷயம். பிலிப் தன் கதையைப் புத்தகமாக எழுதியது 2001-ல். பெயர் ‘இரண்டாவது மூச்சு’. அப்தெல் தன் பக்கத்தைப் புத்தகமாக்கியது 2012-ல், படம் ஓடி முடிந்த பிறகு. பார்த்துக்கொள்ளப்பட்டவர் முதலில் பேசுகிறார். பார்த்துக்கொண்டவருக்கு வாய் திறக்கப் பதினோரு வருசம் ஆகிறது. அதற்கும் ஒரு படம் ஓட வேண்டியிருக்கிறது.

‘தோழா’வில் கார்த்தியின் பெயர் சீனு. பரோலில் வந்தவன். பேச்சு, நடை, பசி, திமிர் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். கார்த்தி நன்றாகச் செய்திருக்கிறார், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த மாளிகைக்குள் நுழைந்து எஜமானின் உடம்பைத் தொடுகிற சீனு என்ன ஆள் என்ற கேள்வி படம் முழுக்க ஒரு இடத்திலும் வருவதில்லை. பிரான்சில் ஒமர் சியின் தோலே அந்தப் பதிலைச் சொல்லிவிடுகிறது; மறைக்க வழியில்லை. இங்கே சாதி தோலில் எழுதியிருக்காது. கேட்டால்தான் தெரியும். அதனால்தான் நிஜ வீடுகளில் முதல் கேள்வியாக அதைக் கேட்கிறார்கள். சினிமா வீட்டில் மட்டும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

யார் கேட்கிறார்கள், எப்படிக் கேட்கிறார்கள் என்பது எனக்கு எங்கள் ஊர்ப் பெண்களிடமிருந்து தெரியும். எங்கள் ஊர் வடகவுஞ்சி. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறுகிற மலைப்பாதையில் வாழையும் காப்பியும் மிளகுமாக இருக்கிற ஊர். மலைவாழையில் முடிக்கொத்து நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்த கதையைப் பெரியவர்கள் இப்போதும் சொல்வார்கள். தோட்டக்கூலி வருசம் முழுக்கக் கிடைக்காது. அதனால் காலனிப் பெண்கள் சிலர் கீழே பழனி, ஒட்டன்சத்திரம், மதுரை, கோயம்புத்தூருக்கும், மேலே கொடைக்கானல் பங்களாக்களுக்கும் போகிறார்கள். ‘ஆளு பாக்கப் போயிருக்கா’ என்பார்கள். வயசானவங்க, பக்கவாதம் வந்து படுத்தவங்க, இடுப்பு உடைஞ்சவங்க, ஞாபகம் தப்பினவங்க, இவர்களோடு ராத்திரி பகல் தங்கியிருக்கிற வேலை. ஊசி போடுகிற வேலை கிடையாது. மருந்து எடுத்துக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மற்றபடி எழுப்புவது, பல் துலக்கிவிடுவது, வெளிக்கு உட்காரவைப்பது, கழுவுவது, துடைப்பது, எண்ணெய் தேய்ப்பது, ஊட்டுவது, பேச்சுக்கொடுப்பது, டிவி பார்க்கும்போது பக்கத்தில் உட்காருவது, ராத்திரி மூணு தடவை எழுந்து திருப்பிப் படுக்கவைப்பது. படுக்கைப்புண் வராமல் பார்க்க வேண்டும். ஏஜென்சிக்காரர்கள் இதற்கு ‘கேர்டேக்கர்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நர்ஸ் படிப்பே படிக்காத பெண்ணுக்கு ‘ஹோம் நர்ஸ்’ என்றும் போர்டு போடுகிறார்கள். வீட்டுக்காரர்கள் ‘ஆள்’ என்கிறார்கள்.

கேள்வி நேராக வராது. ‘எந்த ஊரு?’ ‘வடகவுஞ்சி.’ ‘வடகவுஞ்சில எங்க?’ இந்த ‘எங்க’வில்தான் விஷயம் இருக்கிறது. அடுத்தது ‘நீங்க வெஜிடேரியனா?’ அதற்கும் அடுத்தது ‘குலதெய்வம் எது?’ படித்த வீடுகளில் இப்படி. படிக்காத வீட்டில் பளிச்சென்று கேட்டுவிடுகிறார்கள், அது எவ்வளவோ மேல். எங்கள் காலனிப் பெண் ஒருத்தியை ஒரு ஏஜென்சிக்காரரே கூப்பிட்டு, ‘ஏம்மா, வேற பேரு சொல்லும்மா, உம்பேரைக் கேட்டா வீடு அமையாது’ என்று வேறு பெயர் வைத்து அனுப்பியிருக்கிறார். அவள் அந்தப் பெயரிலேயே ஒன்பது மாசம் ஒரு கிழவியைப் பார்த்தாள். கிழவி கடைசி மூச்சில் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். ‘எனக்கு அழுகையும் வருது, யாரையோ கூப்புடுற மாதிரியும் இருக்கு’ என்றாள் என்னிடம்.

வேலை கிடைத்த பிறகு தீண்டாமை போய்விடுகிறதா? அது இடம் மாறுகிறது. அடுப்படி வாசலில் சாப்பாட்டை வைப்பார்கள். அவள் எடுத்துக்கொண்டு போய், தன் கையால் பிசைந்து, அந்த அம்மாளின் வாயில் ஊட்டுவாள். அதே கை அடுப்படிக்குள் நுழைந்து பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் மொள்ளக் கூடாது. அவள் தம்ளர் பாத்ரூம் பக்கத்து ஜன்னலில் தனியாக இருக்கும். டீக்கடையில் இரட்டை டம்ளர் என்றால் நமக்குப் போராடத் தெரியும். கலெக்டருக்கு மனுக் கொடுப்போம், கடை முன்னால் உட்காருவோம். படுக்கையறையில் இருக்கிற இரட்டை டம்ளருக்கு எந்தக் கடை முன்னால் உட்காருவது?

தீண்டாமை என்றால் தொடாமல் இருப்பது என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. அது பாதி உண்மைதான். தொட்டே தீர வேண்டிய இடங்களைச் சாதி எப்போதும் வைத்திருக்கிறது. பிரசவம், நோய், சாவு, கழிவு. உடம்பு உடம்பாக மட்டும் மிஞ்சுகிற நேரங்கள் இவை. அங்கே நம்மைத் தொடவிடுவது மட்டுமல்ல, தொடச்சொல்லிக் கட்டாயப்படுத்துகிறது. அந்தத் தொடுதல் உறவாக மாறிவிடக் கூடாது என்பதில் மட்டும்தான் அதன் கவனம். சாதி வேலைப் பிரிவினை அல்ல, வேலைக்காரர்களின் பிரிவினை என்று 1936-ல் அம்பேத்கர் சொன்னதை இந்தக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் இன்னும் நன்றாகப் புரிகிறது.

பிரெஞ்சுப் படத்துக்கே திரும்ப வருகிறேன். அதில் வேலைக்கு வந்த இளைஞனுக்கும் வீட்டாருக்கும் முதல் சண்டை எதில் வருகிறது என்றால், மலத்தில். அசைவற்ற உடம்பிலிருந்து மலத்தைக் கையால் எடுக்க வேண்டும் என்கிறார்கள். முடியாது என்கிறான். நோயாளிக்குப் போடுகிற நீளமான காலுறையைப் போடவும் முரண்டு பிடிக்கிறான். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கவில்லை, பொறாமைப்பட்டேன். முடியாது என்று சொல்லிவிட்டும் வேலையில் இருக்கிற ஒருவன்! எங்கள் ஊர்ப் பெண்களின் கதையில் அந்தக் காட்சியே கிடையாது. முடியாது என்று சொன்னால் அன்றைக்கே பை வாசலுக்கு வந்துவிடும். அதைவிட, ‘உங்காளுக்கு என்ன புதுசா?’ என்ற அந்த ஒரு பார்வை வரும். வெள்ளைக்கார நாட்டில் அருவருப்புக் காட்ட அவனுக்கு இருக்கிற உரிமை, இங்கே மேல்சாதிக்காரனுக்கு மட்டும் இருக்கிற உரிமை.

அந்த இளைஞனை ஏன் வைத்திருக்கிறாய், இவர்களுக்கு இரக்கமே கிடையாது என்று நண்பர் எச்சரிக்கிறபோது, எனக்கு வேண்டியதும் அதுதான், என்மேல் இரக்கப்படாத ஆள் என்று பணக்காரர் சொல்வது அந்தப் படத்தின் மையம். ரொம்பப் பேருக்குப் பிடித்த இடம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இரக்கம் வேண்டாம் என்று சொல்லவும் ஒரு நிலைமை வேண்டும். கீழே இருப்பவனிடமிருந்து இரக்கம் வருவது மேலே இருப்பவருக்கு அவமானம் என்றும் இதைப் படிக்கலாம். ‘தோழா’ என்ற தலைப்பு இந்தச் சிக்கலை முழுசாக மூடுகிறது. தோழன் என்றால் சம்பளம் எங்கே? தோழனுக்கு யாராவது மாசாமாசம் கவரில் போட்டுக் கொடுப்பார்களா? ‘நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி’ என்று விருந்தாளிகளிடம் சொல்வார்கள் இல்லையா, அந்த ‘மாதிரி’ போலத்தான் இந்தத் ‘தோழா’வும். வீட்டுப் பெண் என்றால் சொத்தில் பங்கு கேட்பாள்; வேலைக்காரி என்றால் லீவு கேட்பாள். ‘மாதிரி’ இரண்டையும் கேட்க மாட்டாள்.

சினிமாவை விட்டுவிட்டு இலக்கியத்துக்கு வருவோம். வீட்டில் படுத்துக்கிடக்கிறவரைப் பார்த்துக்கொள்வது பற்றித் தமிழில் என்ன இருக்கிறது என்று எம்.ஏ. தமிழ் படித்தவனிடம் கேட்டால் முதலில் சொல்வது புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’. 1943. பட்டணத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிற பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவி செல்லம்மாள். துணைக்கு ஆளில்லாத வீட்டில் சமைப்பதும் அவளைக் கவனிப்பதும் அவள் செத்த பிறகு உடம்பைப் பார்ப்பதும் அவர்தான். கடைக்குப் போனால் வீடு நினைப்பு, வீட்டில் இருந்தால் கடை நினைப்பு. ஒரு ஆண் இந்த வேலையைச் செய்வதை இவ்வளவு அலட்டலில்லாமல் எழுதிய கதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் அதிகமில்லை. மகத்தான கதை, சந்தேகமே இல்லை. நான் சொல்ல வருவது வேறு. பிள்ளைவாள் தன் மனைவியின் உடம்பைக் கவனித்தால் அது துயரமாகிறது, தாம்பத்தியமாகிறது, தத்துவமாகிறது. விமர்சகர்கள் ஐம்பது வருசம் அதைப் பற்றி எழுதுகிறார்கள். அதே வேலையைக் காலங்காலமாக ஊருக்கே செய்தவர்களின் கதை இலக்கியத்துக்குள் வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் வந்தது. வந்தபோது நம் ஆட்களே அதோடு சண்டை போட்டார்கள். தலித்துகளுக்குள்ளேயே தலித்துகளை ஒடுக்குகிறவர்களாகக் காட்டுகிறது என்றார்கள். அந்தச் சண்டையில் கவனிக்காமல் விட்ட ஒன்று உண்டு. புதிரை வண்ணார் பெண் ஆரோக்கியம் வெளுப்பது வெறும் துணியை அல்ல. தீட்டுத் துணி, பிரசவத் துணி, பிணத்தின் துணி. ஊரில் ஒவ்வொரு உடம்பின் ரகசியமும் அவளுக்குத் தெரியும். யாருக்கு என்ன நோய், யாருக்கு நாள் தள்ளிப்போனது, எல்லாம் துணியில் படிக்கிறவள். அவளுக்குக் கிடைப்பது ராத்திரிச் சோறு. உடம்பைப் பார்த்துக்கொள்கிற வேலையின் ஆதி வடிவம் அதுதான். அன்றைக்குச் சாதிக் கடமை, கூலி சோறு. இன்றைக்கு ஏஜென்சி வேலை, கூலி பணம். நடுவில் மாறியது என்ன, மாறாதது என்ன என்று கேட்கிற நாவல் இன்னும் எழுதப்படவில்லை. ஆரோக்கியத்தின் பேத்தி இன்றைக்கு ஏதோ ஒரு அடுக்குமாடியில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு யாருக்கோ டயப்பர் மாற்றிக்கொண்டிருக்கலாம்.

எங்கள் மலையிலேயே எடுத்த படம் ‘பேரன்பு’. 2019, ராம். மூளை முடக்குவாதம் உள்ள மகளைப் பார்த்துக்கொள்ள ஒரு தகப்பன் கற்றுக்கொள்கிற படம். வயசுக்கு வந்த மகளின் உடம்பை அப்பன் எப்படித் தொடுவது என்ற கேள்வியைத் தமிழ் சினிமாவில் யாரும் இவ்வளவு நேர்மையாகக் கேட்டதில்லை. அதற்குத் தலைவணங்குகிறேன். ஆனால் அந்தக் குளிர்ந்த ஏரிக்கரை வீட்டுக்கு வேலைக்கு வருகிற விஜி (அஞ்சலி) கடைசியில் யார்? அந்த வீட்டை அபகரிக்க அனுப்பப்பட்டவள். அவள் தரப்பு நியாயத்தையும் ராம் கொஞ்சம் சொல்கிறார், தகப்பனும் மன்னிக்கிறான். எனக்கு மன்னிப்பு வேண்டாம். தமிழில் கூலிக்குப் பார்த்துக்கொள்ள வருகிற பெண் பாத்திரங்கள் எத்தனை என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருத்தி வஞ்சகியாக முடிகிறாள் என்பது சின்ன விஷயமில்லை. வேலைக்குப் போகிற வீட்டில் முதல்நாளே பீரோ சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொள்கிற அம்மாக்களின் பயத்துக்கு ஒரு நல்ல படம் சாட்சி சொல்லிவிட்டது. எங்கள் ஊர்ப் பெண்ணின் பையை வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பார்களாம். அவள் வீட்டுக்குப் போகும்போது மட்டுமில்லை, சும்மாவே.

‘பாரம்’ (2020), ‘தலைக்கூத்தல்’ (2023), ‘கே.டி (எ) கருப்புதுரை’ (2019) மூன்றும் வேறு வகை. படுத்த கிழவர்களை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொன்றுவிடுகிற தலைக்கூத்தல் வழக்கத்தைப் பற்றியவை. பார்க்க ஆளில்லாத, ஆள் வைக்கக் காசில்லாத வீடுகளின் கதை. கருப்புதுரை மட்டும் எழுந்து ஓடிவிடுகிறார். வழியில் ஒரு அனாதைப் பையன் துணையாகிறான். மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான், அந்தக் கிழவருக்குப் பிரியாணி ஆசை இருப்பதால்.

ஜெயமோகனின் ‘நூறு நாற்காலிகள்’ (2011) பற்றி நம்மிடையே நிறையப் பேசியாயிற்று. நாயாடி குலத்தில் பிறந்து ஐ.ஏ.எஸ். ஆன மகன், நாறிக்கிடக்கிற அரசு ஆஸ்பத்திரியில் பிச்சைக்காரர்களோடு கிடக்கிற தாய். அவளை வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. அதை அதிகாரத்தின் கதை என்றுதான் எல்லாரும் படித்தார்கள். நான் அதைப் பராமரிப்பின் கதையாகப் படிக்கிறேன். மகனுக்குச் சம்பளம் இருக்கிறது, பங்களா இருக்கிறது, ஆள் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. ஆனால் அந்தக் கிழவியின் உடம்பைத் தொட்டுக் கழுவ எந்த ‘ஆள்’ வருவாள்? பிரமநாயகம் பிள்ளை வீட்டுக்கு நம் பெண் போவாள். நாயாடிக் கிழவி வீட்டுக்கு யார் போவார்? இந்த வேலை எப்போதும் கீழிருந்து மேலே மட்டும் போகிறது. மேலிருந்து கீழே வந்ததாக ஒரு கதை, ஒரே ஒரு கதை, தமிழில் இருந்தால் காட்டுங்கள். மிஷன் கன்னியாஸ்திரிகளைச் சொல்வார்கள். அது தர்மம், கூலிவேலை இல்லை. தர்மத்தில் கொடுக்கிறவர் மேலேயே இருக்கிறார்.

கீழிருந்து மேலே என்பது எங்கள் மலையில் வெறும் உவமை இல்லை. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் ரோடு வரும்வரை துரைகளும் துரைசாணிகளும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நாற்காலியிலும் டோலியிலும் உட்கார்ந்து மேலே போனார்கள். தூக்கியது கூலியாட்களின் தோள். மலைப் புலையர்களைப் பற்றி 1906-ல் வந்த மதுரை மாவட்டக் கெசட்டியர் மேல்சாதி நிலக்காரர்களுக்கு அடிமைகளாக இருந்தவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட உடம்புகள் எந்த நோயில், எங்கே கிடந்து, யார் பார்க்கச் செத்தன என்று ஒரு வரி கிடையாது. தூக்கினவர்களைத் தூக்க ஆளில்லை. ரோடு இல்லாத வெள்ளகவியில் நோயாளியை டோலி கட்டித்தான் இறக்கினார்கள்; சொந்தக்காரர்களே தோள் கொடுத்தார்கள். டோலி அதேதான். உட்கார்ந்தவர் மாறினால் அதற்குக் கூலி கிடையாது.

இப்போது எங்கள் காலனியில் மகள் கோயம்புத்தூரில் யாருடைய தாயையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் தாய் இங்கே தனியாகக் கிடக்கிறாள். முதியோர் உதவித்தொகை, 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாய். பக்கத்து வீட்டு மதினி காலையில் கஞ்சி கொடுப்பாள், எதிர்வீட்டுப் பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்து வெளிக்குக் கூட்டிப்போவான், ராத்திரிக்கு ஒரு கிழவி வந்து படுத்துக்கொள்வாள். முறை வைத்துச் செய்கிறார்கள். யாரும் இதற்குப் பெயர் வைக்கவில்லை. கேரளாவில் இதையே ஊர் ஊராக அமைப்பாக்கி, மலப்புறம் பக்கம் பக்கத்து வீட்டார் சேர்ந்து படுக்கையாளிகளைக் கவனிக்கிற ஏற்பாட்டை உலகமே வந்து பார்த்தது. எங்கள் காலனியை யாரும் வந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் ‘பாவம், ஏழைகள்’ என்பார்கள். தலித் பண்பாடு என்று நாம் பறையையும் மாட்டுக்கறியையும் எடுத்துப் பேசினோம், நல்லது. இந்த முறை வைப்பதையும் எடுத்துப் பேச வேண்டும். ஆனால் ரொம்பவும் கொண்டாடிவிடவும் பயமாக இருக்கிறது. ஏனென்றால் அந்த முறையில் வருகிறவர்கள் முக்கால்வாசி பெண்கள். நம் ஆண்கள் தேர்தல் வேலைக்கு முறை வைப்பார்கள்.

கூலிக் கணக்கையும் பேசாமல் விமர்சனம் முடியாது. தமிழ்நாடு அரசு 2018-ல் வீட்டுவேலைக்கு மணிக்கு 37 ரூபாய் என்று குறைந்தபட்சக் கூலி அறிவித்தது. படுத்தவரோடு தங்குகிற பெண்ணுக்கு இருபத்துநாலு மணி நேரமும் வேலைதான். அந்தப் பழைய 37 ரூபாயிலேயே கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 888, மாசம் 26,640. இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெண்களே சிரிக்கிறார்கள். ‘தூங்குறதுக்கும் காசா?’ ராத்திரி தூங்கவிடுகிறார்களா என்று கேட்டால் சிரிப்பு நின்றுவிடுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் கொண்டுவந்த 189-ஆவது உடன்படிக்கை, கூப்பிட்டால் எழுந்து வரத் தயாராக இருக்கிற நேரத்தையும் வேலைநேரத்தில் சேர்க்கப் பார்க்கிறது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. ஜப்பானில் 2000-லிருந்து முதியோரைக் கவனிப்பதற்கென்றே கட்டாயக் காப்பீடு வைத்திருக்கிறார்கள். அங்கே இது குடும்ப விவகாரம் இல்லை, அரசாங்க விவகாரம். இங்கே ‘தோழா’ விவகாரம்.

கடைசியாக ஒரு பிரதி. அச்சில் வராதது. கொடைக்கானலில் ஒரு பங்களாவில் வேலை பார்த்த எங்கள் ஊர் அக்கா ஒருவர் எனக்குக் கொடுத்த நூறு பக்க நோட்டு. அம்மாளின் மகன் வெளிநாட்டில். தினமும் எழுதி, ராத்திரி போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். நீலப் பேனா, கோணல் எழுத்து. ஆறு மணி காபி அரை தம்ளர். ஏழே கால் வெளிக்கி, கெட்டி. எட்டு மணி இட்லி ஒண்ணரை. பத்து மணி மூத்திரம். பத்தரை வெயில்ல உக்காந்தாங்க. பதினொண்ணு அழுதாங்க. இப்படியே பக்கம் பக்கமாக. அக்கா எட்டாவது வரை படித்தவர். வினைச்சொற்களைப் பாருங்கள்: சாப்ட்டாங்க, போனாங்க, தூங்கினாங்க, சிரிச்சாங்க. எல்லாம் அந்த அம்மாள் செய்தது. ஊட்டினேன், கழுவினேன், தூக்கினேன் என்று ஒன்றுகூட இல்லை. எழுதுகிறவரின் உடம்பு நோட்டுக்குள் வரவே இல்லை. நூறு பக்கத்தில் ஒரே ஒரு இடம் தவிர. ஒரு மார்கழிப் பக்கத்தில், ரெண்டு மணி மூத்திரத்துக்கும் நாலு மணி இருமலுக்கும் நடுவில், ‘எனக்கு காச்சல் அடிக்கிது’ என்று இருக்கிறது. அதன்மேல் சிவப்புப் பேனாவில் கோடு. அந்தக் கோட்டை யார் போட்டது என்று கேட்டேன்.

‘நாந்தான் தம்பி. அவரு போன் பண்ணி, அம்மாவப் பத்தி மட்டும் எழுதுங்கன்னாரு. செவப்புப் பேனா அந்தம்மா மேசைல இருந்துச்சு.’